ஒரே ஏரிக்கரையில் ஓராண்டு: பறவை பார்க்கத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பறவை பார்க்கத் தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தச் சரணாலயத்துக்குப் போகலாம் என்பது; அடுத்துக் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பது. இரண்டையும் ஓராண்டுக்குத் தள்ளிவையுங்கள் என்பதே என் பதில். உங்கள் வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஏரியையோ குளத்தையோ தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை, ஓராண்டு முழுவதும், அதே கரையில் நடங்கள். தமிழ்நாட்டில் 500க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன என்றாலும், ஊர்ப்புறத்து ஏரிக்கரையில் தொடங்குபவர் முதல் சில மாதங்களில் உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை 30 அல்லது 40 தான். அவற்றைச் சந்தேகமின்றி அறிந்தவருக்கு 41ஆவது பறவை தானாகவே கண்ணில் படும். அறியாதவர் வேடந்தாங்கலிலேயே நின்றாலும் அவருக்கு எல்லாம் கொக்காகத்தான் தெரியும்.

முதல் வாரம்: வெறுங்கண்ணும் ஒரு நோட்டும்

முதல் வாரத்தில் எதையும் வாங்க வேண்டாம். விடிந்ததும் மொட்டைமாடியிலோ வாசலிலோ 15 நிமிடம் நின்று, கண்ணில் படும் பறவைகளை எழுதுங்கள். காகம் என்று எழுதும்போதே, எந்தக் காகம் என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக்காகம். உடல் முழுவதும் கறுத்து, அலகு தடித்திருந்தால் அது அண்டங்காக்கை. மைனாவைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அது பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று விரியும் வெள்ளைத் திட்டைக் கவனித்திருக்கிறீர்களா? வானத்தில் வட்டமிடுவதையெல்லாம் பருந்து என்று சொல்லிவிடாமல், வாலைப் பாருங்கள். வாலின் நுனி நடுவில் உள்வாங்கிக் கவட்டையாக இருந்தால் கரும்பருந்து. நுனி வட்டமாக, உடல் செம்பழுப்பாக, தலையும் மார்பும் வெள்ளையாக இருந்தால் செம்பருந்து.

இந்த வாரத்திலேயே மனத்தில் ஓர் அளவுகோலை ஏற்றிக்கொள்ள வேண்டும். சிட்டுக்குருவி ஏறத்தாழ 15 செ.மீ., மைனா 23 செ.மீ., வீட்டுக்காகம் 40 செ.மீ., கரும்பருந்து 60 செ.மீ. இனி எந்தப் புதுப் பறவையைப் பார்த்தாலும், "மைனாவைவிடச் சிறிது, சிட்டுக்குருவியைவிடப் பெரிது" என்று முதலில் எழுதுங்கள். நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப ஏமாற்றும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். அளவும் உருவமும் அந்த அளவுக்கு ஏமாற்றுவதில்லை.

ஆணும் பெண்ணும் வெவ்வேறு தோற்றத்தில் இருக்கும் பறவைகள் உண்டு என்பதையும் வீட்டிலிருந்தே கற்கலாம். குயில் என்றால் கறுப்பு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கறுத்த உடலும் சிவந்த கண்ணும் உடையது ஆண். "கூ…ஊ" என்று கூவுவதும் அதுதான். பழுப்பு உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகளும் வாலில் பட்டைகளுமாக, பப்பாளி மரத்தில் சத்தமில்லாமல் பழம் தின்றுகொண்டிருப்பது பெண். ஒரே மரத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நாள்வரை, அவை இரண்டும் ஒரே இனம் என்பதைப் பலர் நம்புவதே இல்லை.

பைனாகுலர் வாங்குதல்

ஒரு வாரத்துக்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் பைனாகுலர் வாங்கலாம். அதன் மேல் 8x42 என்பதுபோல இரண்டு எண்கள் எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். தொடங்குபவருக்கு 8x42 அல்லது 8x40 போதும். 10 மடங்கு இன்னும் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். ஆனால் பறவையோடு சேர்ந்து கைநடுக்கமும் 10 மடங்காகிறது, காட்சியின் அகலமும் குறைகிறது, அதனால் இலைக்குள் துள்ளும் தையல்சிட்டைக் கண்ணாடிக்குள் கொண்டுவருவதற்குள் அது வேறு கிளைக்குப் போய்விடும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைப்பது, கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் விட்டம்: 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. இந்த எண் பெரிதாக இருந்தால் விடியற்காலை மங்கலிலும் படம் தெளிவாக இருக்கும். சட்டைப்பைக்குள் அடங்கும் 8x21 வகையில் இது 2.6 மி.மீ. மட்டுமே என்பதால், பறவைகள் நிறைய நடமாடும் அந்த நேரத்தில்தான் அது கைவிடும்.

மூன்று வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். முன்கண்ணாடி ரத்தச் சிவப்பாக மின்னுபவை நிறத்தைத் திரித்துக் காட்டும். ஜூம் வசதி உள்ளவை எந்த அளவிலும் தெளிவாக இருப்பதில்லை. 50, 100 மடங்கு என்று விளம்பரப்படுத்தப்படுபவை கையில் பிடித்துப் பார்க்கவே பயன்படாது. கடையில் பார்த்து வாங்க முடிந்தால், எதிரேயுள்ள கட்டடத்தின் பெயர்ப்பலகையை நோக்கிப் பிடித்து, எழுத்துகளின் ஓரம் காட்சியின் நடுவில் மட்டுமன்றி விளிம்பிலும் ஓரளவு கூர்மையாகத் தெரிகிறதா, இரண்டு கண்ணுக்கும் ஒரே படமாகத் தெரிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். சில நிமிடங்களிலேயே தலைவலிப்பதுபோல இருந்தால் அந்தக் கருவி வேண்டாம்.

வாங்கியதும் அதை உங்கள் கண்ணுக்கு ஏற்ப ஒருமுறை சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் மங்கலாகவே பார்த்துவருபவர்கள் உண்டு. மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்குவளைகளைத் திருகி உள்ளே தள்ளிவிட வேண்டும். அணியாதவர் வெளியே இழுத்துவிட வேண்டும். பிறகு இரண்டு குழாய்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, தொலைவில் உள்ள ஒரு பலகையை இடக்கண்ணால் பார்த்து, நடுவிலுள்ள சக்கரத்தைச் சுழற்றிக் கூர்மையாக்குங்கள். அடுத்து இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண்ணருகே உள்ள வளையத்தைத் திருகி அதே பலகையைக் கூர்மையாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால், அதன்பின் எப்போதும் நடுச்சக்கரத்தை மட்டும் சுழற்றினால் போதும்.

பறவையைக் கருவிக்குள் கொண்டுவருவதற்கும் பயிற்சி வேண்டும். பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல், தலையை அசைக்காமல், கருவியைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரமெங்கும் துழாவினால் எதுவும் அகப்படாது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானில் தொடங்கி, பறக்கும் கொக்குக்கு முன்னேறி, கடைசியாக முருங்கைப் பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டில் முயன்று பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கருவியைத் திருப்பக் கூடாது. ஒரு கணமே கண்ணைக் கெடுத்துவிடும்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். மூடியிறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். தூசியை முதலில் ஊதித் தட்டிவிட்டுப் பிறகுதான் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வேட்டி நுனியாலோ துப்பட்டாவாலோ அவசரத்தில் துடைத்தால் மணல்துகள் கீறிவிடும்.

நேரமும் நடையும்

விடிந்ததிலிருந்து 9 மணிவரை ஒரு பொழுது. மாலை 4 மணியிலிருந்து இருட்டும்வரை மற்றொரு பொழுது. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் இதற்கு நேர்மாறு. இந்த ஒரு விஷயத்தைப் பின்பற்றினாலே, "கறுப்பாக ஏதோ ஒரு பறவை" என்ற பதிவுகள் பாதியாகக் குறையும்.

மண்ணிறத்திலோ மங்கிய பச்சையிலோ ஆடை அணியுங்கள்; பளிச்சென்ற வெள்ளை வேண்டாம். ஏரிக்கரைப் புல்லில் பாம்பு இருக்கும், ஆகவே செருப்புக்குப் பதில் ஷூ அணிவது நல்லது. ஆளரவமற்ற இடத்துக்குத் தனியே போவதாக இருந்தால், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தொடக்கத்தில் ஒரு துணையோடு போவது இன்னும் நல்லது, ஏனென்றால் இரண்டு பேர் பார்த்ததை ஒப்பிட்டுப் பேசும்போதுதான் கவனிக்காமல் விட்டது எது என்பது தெரியவரும். துறைமுகம், ராணுவப் பகுதி, அணைக்கட்டு போன்ற இடங்களுக்கு அருகில் பைனாகுலரையோ கேமராவையோ எடுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையவும் கூடாது.

கரையில் 50 அடி நடந்து 5 நிமிடம் நில்லுங்கள். நடக்கும்போது பறவைகள் உங்களைப் பார்க்கின்றன. நிற்கும்போதுதான் நீங்கள் அவற்றைப் பார்க்கிறீர்கள். சற்று நேரம் அசையாமல் நின்றால், கோரைக்குள் ஒளிந்த கானாங்கோழி குட்டைவாலை ஆட்டிக்கொண்டு வெளியே வரும், தண்ணீருக்குள் முங்கிய முக்குளிப்பான் 10 அடி தள்ளி மேலே வரும்.

கரையில் இருப்பவர்களோடு பேசுங்கள். ஆடு மேய்ப்பவரும் வலை வீசுபவரும் அந்த ஏரியை நாள்தோறும் பார்ப்பவர்கள். நான் போகும் ஏரியில் வலைவீசும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, அந்தக் கறுப்பு இறக்கை நாரைக்கு இங்கே என்ன பேரு?" என்று கேட்டேன். "நத்தைகுத்தி, தம்பி. தண்ணி முழங்காலுக்கு இறங்குனாத்தான் அது வரும், நெறஞ்சு கெடந்தா நத்தை அதுக்கு எட்டாது" என்றார். அன்று வீட்டுக்கு வந்து என் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, நத்தைகுத்தி நாரை எழுதப்பட்டிருந்த நாள்கள் எல்லாமே நீர்மட்டம் குறைந்த நாள்களாகவே இருந்தன. அதன் அலகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அவர்தான் எனக்குக் காட்டினார். வளர்ந்த பறவைகளுக்கு மட்டுமே அந்த இடைவெளி உண்டு. இளம்பறவையின் அலகு ஒட்டியே இருக்கும்.

எதை முதலில் பார்ப்பது

புதுப் பறவை கண்ணில் பட்டதும் கைபேசியை எடுக்காதீர்கள், படக்கையேட்டையும் திறக்காதீர்கள். பறவை பறந்துபோன பிறகும் கையேடு அங்கேயே இருக்கும். பறவை நிற்கும் அந்த அரை நிமிடத்தில் அளவு, உடலமைப்பு, அலகு, கால், வால், அது என்ன செய்கிறது, எங்கே நிற்கிறது என்று ஒரே வரிசையில் பார்க்கப் பழகுங்கள். நிறம் கடைசியில் வரட்டும்.

அலகைப் பார்த்தால் உணவு தெரியும். கூம்புபோலத் தடித்த அலகு விதை உடைக்க. வளைந்த ஊசி அலகு தேன் உறிஞ்ச. கொக்கி நுனி இறைச்சி கிழிக்க. நீண்டு கீழ்நோக்கி வளைந்த அரிவாள்மூக்கனின் அலகு சேற்றைக் கிளற. நடத்தையோ நிறத்தைவிட உறுதியான சாட்சி. நீருக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, பிறகு நேர்க்குத்தாக விழுந்தால் அது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. கம்பியிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்து, திரும்பவும் அதே இடத்துக்கு வந்து, பூச்சியைக் கம்பியில் அடித்துத் தின்றால் அது பஞ்சுருட்டான். தரையில் ஓடி ஓடி நின்று வாலை மேலும் கீழும் ஆட்டினால் வாலாட்டி. மாலை வானத்தில் பூச்சி பிடித்துத் திரிபவற்றில் தகைவிலான் கம்பியில் வரிசையாக வந்து உட்காரும். அரிவாள்போன்ற இறக்கையுடைய உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது, ஏனென்றால் அதன் சின்னஞ்சிறு கால்கள் சுவரையும் ஓலையையும் பற்றித் தொங்குவதற்கானவை.

வெள்ளைக் கொக்கு எத்தனை வகை

இந்த முறையைப் பழகுவதற்கு ஏரியிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வெள்ளைக் கொக்கு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை குறைந்தது நான்கு இனங்கள். இந்த நான்கையும் பிரித்தறிய ஒரு மாதம் செலவிட்டால், பிற்பாடு எந்தக் கடினமான பறவைக் கூட்டத்தையும் அணுகும் துணிவு வந்துவிடும். எனவே இதற்குச் சற்று அதிக இடம் தருகிறேன்.

மாட்டின் பின்னாலும் உழும் டிராக்டரின் பின்னாலும் நடப்பது உண்ணிக்கொக்கு. கழுத்து குட்டை, அலகு மஞ்சள், தாடை சற்று உப்பியதுபோலத் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு நிறமாக மாறும்.

தண்ணீருக்குள் சுறுசுறுப்பாக ஓடி, காலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பிப் பிடிப்பது சின்னக் கொக்கு. அலகும் காலும் கறுப்பு; ஆனால் பாதம் மட்டும் மஞ்சள். நீரில் நிற்கும்போது பாதம் மறைந்திருக்கும் என்பதால், அது காலைத் தூக்கும்வரையோ பறக்கும்வரையோ காத்திருக்க வேண்டும். கறுத்த கால்களின் முடிவில் மஞ்சள் பாதங்கள் தெரியும் அந்தக் கணத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

மற்ற இரண்டும்தான் கடினமானவை. பெரிய கொக்கு சாம்பல் நாரைக்கு ஏறக்குறைய சமமான உயரம் உடையது, கழுத்தில் முடிச்சு விழுந்ததுபோன்ற ஒரு மடிப்பு இருக்கும். நடுத்தரக் கொக்கு அதைவிடச் சிறியது. இரண்டுக்கும் மஞ்சள் அலகும் கறுத்த பாதமும் இருக்கும், தனியே நிற்கும் பறவையின் உயரத்தை மதிப்பிடுவதும் எளிதன்று. இங்கே பார்க்க வேண்டியது வாயின் கோடு. அலகின் பிளவிலிருந்து முகத்துக்குள் நீளும் அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் சென்றால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் அலகு கறுத்துவிடும் என்பதால் அலகின் நிறத்தை மட்டும் நம்பினால் தவறிவிடும்; வாய்க்கோடோ ஆண்டு முழுவதும் மாறாது.

இவற்றோடு, கரையோரச் சேற்றில் மண்கட்டிபோல அசையாமல் நிற்கும் மடையானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது பழுப்பும் கீற்றுகளுமாக, பக்கத்தில் போகும்வரை கண்ணுக்கே தெரியாது. பறந்தெழும்போது, எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் பறவை வெடித்துக் கிளம்பியதுபோல இறக்கைகள் பளீரென்று விரியும். இறங்கியதும் வெள்ளை மறைந்து மறுபடியும் மண்கட்டி. குருட்டுக்கொக்கு என்றும் இதற்குப் பெயர் உண்டு. மிக அருகே செல்லும்வரை அசையாமல் நிற்பதால் அதற்குக் கண் தெரியாது என்று எண்ணி வைத்த பெயராக இருக்கலாம். உண்மையில் அது உங்களை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது.

காதையும் பழக்குங்கள்

மரங்கள் அடர்ந்த இடத்தில் பறவையைப் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். வாரத்துக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டால் போதும். குரல் வரும் திசையில் போய், அந்தப் பறவை வாய்திறப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை விடாதீர்கள். அப்படிப் பிடித்த குரல் நினைவில் தங்கும். செம்போத்தின் அடித்தொண்டை "ஊப் ஊப் ஊப்", படிப்படியாக உச்சத்துக்கு ஏறும் அக்காக்குருவியின் அழைப்பு, உடலுக்குச் சற்றும் பொருந்தாத உரத்த குரலில் விடாமல் கத்தும் தையல்சிட்டு, கீச்சுக்கீச்சென்று கூட்டமாகச் சலசலக்கும் தவிட்டுக்குருவிகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, கைபேசி கேட்கும் குரலை வைத்து இன்ன பறவையாக இருக்கலாம் என்று சொல்லும். அதற்கான இந்தியத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் இயங்கும். நல்ல துணைதான், ஆனால் அது சொல்வதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். கரிச்சான் வல்லூறின் குரலில் கத்துவதுண்டு. அப்போது செயலி வல்லூறு என்று காட்டினால் அதைக் குறை சொல்ல முடியாது. கண்ணால் பார்க்காத, குரலையும் முன்பே அறியாத பறவையைச் செயலி சொன்னதற்காகப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, நேரம், இடம், வானிலை, நீர்மட்டம் ஆகியவற்றை முதல் வரியில் எழுதுங்கள். பிறகு பறவைகளும் எண்ணிக்கையும். "நிறைய" என்று எழுத வேண்டாம். கூட்டம் பெரிதாக இருந்தால், முதலில் 10 பறவைகளை எண்ணி அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பார்த்து, அந்த அளவு இடம் கூட்டத்தில் எத்தனை முறை அடங்கும் என்று கணக்கிடுங்கள். அடையாளம் தெரியாத பறவைக்குப் பெயர் எழுதாமல், வடிவத்தைக் கிறுக்கி, எந்தப் பகுதியில் என்ன நிறம் என்று அம்புக்குறி போடுங்கள்; ஓவியம் வரத் தெரிய வேண்டியதில்லை, முட்டைமேல் முட்டை வரைந்து அலகும் வாலும் ஒட்டினால் போதும்.

என் நோட்டிலிருந்து ஒரு பதிவை அப்படியே தருகிறேன்: "காலை 6.40. மதகுக்கு வடக்கே வேலிகாத்தான் புதர். மைனாவைவிடச் சிறிது. மேல் பழுப்பு, அடி வெளிர். கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளைக்கோடு. அலகின் நுனி கொக்கி. உச்சிக்கிளையில் 12 நிமிடம். இரண்டு முறை தரையிறங்கித் திரும்பியது. கரகரத்த குரல்." வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டியபோது ஒரே நிமிடத்தில் விடை கிடைத்தது: பழுப்புக் கீச்சான், வட ஆசியாவிலிருந்து வரும் குளிர்கால விருந்தாளி. "பழுப்பாக ஒரு குருவி" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒருநாளும் கிடைத்திருக்காது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். கரிச்சானே கரிக்குருவி, இரட்டைவால் குருவி, வலியன் என்று பல பெயர்களில் வழங்குகிறது. இவற்றில் எதுவும் தவறன்று. உங்கள் ஊர்ப்பெயரை முதலிலும், நூல்களில் உள்ள பெயரை அதன் பக்கத்திலும் எழுதி வையுங்கள். ஊர்ப்பெயர்கள் எழுதப்படாமல் போனால், அந்தத் தலைமுறையோடு அவையும் போய்விடும்.

ஆண்டு எப்படிச் சுழல்கிறது

செப்டம்பர், அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். ஆறுமணிக்குருவி இந்த நாள்களில்தான் களைத்துப்போய் நகரத்து வீட்டுத் தோட்டங்களில்கூட இறங்கும். விடியலிலும் அந்தியிலும் அது எழுப்பும் இரட்டைச் சீழ்க்கையால் அந்தப் பெயர். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை வாத்துகள் மிகுந்திருக்கும். சூறைக்குருவிக் கூட்டங்கள் அந்தியில் புகைபோலச் சுருண்டு விரிவதும் இந்தக் காலத்தில்தான். மார்ச், ஏப்ரலில் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும். நீர் வற்றி வெளிப்படும் சேற்றில் உள்ளான்கள் அப்போதும் மேயும்.

மே மாதத்தில் ஏரி காய்ந்து கிடக்கும்போது பலர் போவதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். வெடித்த நிலத்தில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கும், மண்சரிவுகளில் பஞ்சுருட்டானின் கூட்டு வளைகள் தெரியும், கரிச்சான் தன் கூட்டருகே வரும் காகத்தைத் துரத்தியடிக்கும். அடுத்த மழையையொட்டி, மஞ்சள் பூண்ட ஆண் தூக்கணாங்குருவிகள் பனையோலையில் நார் கிழித்துக் கூடு பின்னத் தொடங்கும். எந்தப் பறவை எந்த வாரம் வந்தது, எந்த வாரம் கடைசியாகத் தெரிந்தது என்ற இந்தக் கணக்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு மட்டுமே கிடைக்கும்.

பதிவைப் பகிர்தல்

நோட்டில் உள்ளதை ஈபேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். 2002இல் தொடங்கப்பட்ட இது, உலகெங்கும் பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைச் சேர்க்கிறது. தொடங்கிய நேரம், நடந்த தூரம், பறவைகள், எண்ணிக்கை ஆகியவற்றை இட்டால் போதும். நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று கடைசியில் அது கேட்கும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரியவற்றை மட்டும் ஏற்றாதீர்கள். முழுப் பட்டியலாக இருந்தால்தான், ஒரு பறவை குறிப்பிடப்படாததை அது அங்கே காணப்படவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள முடியும்.

தொடங்குபவருக்கு ஏற்ற நாள்கள் பொங்கல் விடுமுறை நாள்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. 15 நிமிடமாவது ஓரிடத்தில் பறவைகளைப் பார்த்துப் பட்டியலிட்டால் யாரும் பங்கேற்கலாம். பிப்ரவரியில் உலகளவில் 4 நாள் நடக்கும் கணக்கெடுப்பும் இதே போன்றதுதான். இந்த நாள்களில் அனுபவமுள்ளவர்கள் குழுவாகக் கரைக்கு வருவார்கள். அவர்களோடு ஒரு காலை நடந்தால் ஒரு மாதப் பாடம் கிடைக்கும்.

செய்யக் கூடாதவை

கூட்டுக்கு அருகில் போகாதீர்கள். நீங்கள் போன வழியைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் திரும்பியதும் அது போய் முட்டையையோ குஞ்சையோ எடுத்துவிடும். தாய்ப்பறவை அஞ்சிப் பறந்தால், திறந்த கூட்டிலுள்ள குஞ்சு நிமிடக்கணக்கில் வெயிலில் வேகும். ஆள்காட்டி தலைக்குமேல் சுற்றிச்சுற்றிக் கத்தினால், அதன் முட்டைகள் உங்கள் காலடிக்கு அருகே கூழாங்கற்களோடு கலந்து கிடக்கின்றன என்று பொருள். நின்று, தரையைப் பார்த்து, வந்த சுவட்டிலேயே பின்வாங்குங்கள்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் பரவிவருகிறது. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அந்தப் பறவை உங்கள் கைபேசியோடு சண்டைக்கு வருகிறது. ஆந்தைமேல் பிளாஷ் அடிப்பதும், படத்துக்காகக் கூட்டத்தைக் கல்லெறிந்து பறக்கவிடுவதும் இதைப் போன்றவையே. கூட்டின் இடத்தையும் ஆந்தை அடையும் மரத்தையும் சமூக ஊடகத்தில் வெளியிடாதீர்கள். விழுந்த குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பதும், கிளியைக் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஓராண்டுக்குப் பிறகு சரணாலயம்

இப்போது போகலாம். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலுக்கு டிசம்பர், ஜனவரியில் போங்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்று அறிந்திருந்த ஊரார், அங்கு வேட்டையாட வந்தவர்களைத் தடுக்கக் கோரி 1798இலேயே அன்றைய கலெக்டரிடம் எழுத்துமூலமான ஆணை பெற்றார்கள். கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா ஆகியவற்றைக் கூட்டோடும் குஞ்சோடும் அங்கே பார்க்கலாம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. மங்கோலியா, திபெத் பகுதிகளிலிருந்து இமயமலையைக் கடந்துவரும் வரித்தலை வாத்தும் அந்தக் குளத்துக்கு வரும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காக ஊரார் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பேருந்திலேயே போய்ச்சேரும் தொலைவில் இருக்கிறது.

கோடியக்கரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பூநாரைகளுக்காக எல்லாரும் போகும் இடம் அது. ஆனால் அங்குள்ள உப்பளங்களிலும் சேற்றுவெளியிலும் மேயும் உள்ளான்களும் ஆலாக்களும்தான் பறவை பார்ப்பவருக்குக் கடினமான தேர்வு. எல்லாம் சாம்பலும் பழுப்புமாக, கால் நீளத்திலும் அலகின் வளைவிலும் மட்டுமே வேறுபடும். பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் பணி அங்கே பல பத்தாண்டுகளாக நடந்துவருவதால், ஒவ்வொரு பறவையின் காலையும் பாருங்கள். நிறக்கொடி ஏதும் தெரிந்தால் அதன் நிறத்தையும், எந்தக் காலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும், எழுத்துகள் தெரிந்தால் அவற்றையும் குறித்துக்கொண்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதி அனுப்புங்கள். அந்தப் பறவை எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்று பதில் வரக்கூடும்.